வெள்ளியை அளந்த காலை

மெழுகுவத்திச் சுடர் அணைந்துவிடாமல் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துப் பிடித்தபடி அருள்ராஜ் நிற்கிறான். அவன் தலைக்கு மேலே கல்யாணச் சமையல் அண்டா அளவுக்கு ஒரு வெள்ளை பலூன் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடுகிறது. கிழக்கே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. தாம்பரம் விமானத் தளத்தில், வானிலை அறையின் மொட்டைமாடி. ஈரப் புல் வாடை, அதோடு ஓடுபாதைப் பக்கமிருந்து வரும் எண்ணெய் வாடை.

“உட்டுடலாமா சார்?” என்கிறான்.

“விடு” என்கிறேன்.

பலூன் கிளம்புகிறது. நீளமான நூலில் தொங்கும் காகிதக் கூண்டும், அதற்குள் எரியும் மெழுகுவத்தியும் பின்னாலேயே போகின்றன. கொஞ்ச நேரத்தில் பலூன் கண்ணுக்குத் தெரியாது. விளக்குப் புள்ளி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்தக் காட்சியை இதே தொடரில் சில வாரங்களுக்கு முன்பு எழுதியிருந்தேன். சிரிப்புக் கதையாக எழுதினேன். பலூன் என்று நினைத்து வெள்ளிக் கிரகத்தை இருபது நிமிடம் துரத்தினோம், எழுதுகிற ஆள் தூங்கி வழிந்ததால் யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று முடித்திருந்தேன். படித்தவர்கள் ரசித்துச் சிரித்ததாகச் சொன்னார்கள். எங்கள் குடியிருப்பின் செயலாளர் லிஃப்டில் பார்த்துக் கை குலுக்கினார்.

அந்தக் கதையில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தேன். எழுதுகிற ஆள் தூங்கவில்லை. அந்த ஆள் அருள்ராஜ். உயிரோடு இருக்கிறார், பத்திரிகை படிக்கிறார். இந்த வாரம் எழுதுவது அவருக்காக. அவர் கண் பார்க்க இது அச்சில் வந்துவிட வேண்டும்.

மேலே ‘அவன்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. நான் யூனிபார்ம் போட்டவன், அவர் தினக்கூலிக்கு வந்த தற்காலிக ஆள். அதனால் அப்போது அவன். இனிமேல் அவர்.

இரண்டு பேர் வேலை

உயரே காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று விமானம் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்தாக வேண்டும். தரையில் கொடி ஆடுவதை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதற்குத்தான் பலூன். பலூன் ஒரே வேகத்தில் மேலே ஏறும். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். எவ்வளவு தள்ளியது என்று நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தால் காற்றின் கணக்கு வந்துவிடும்.

அளப்பதற்கு ஒரு முக்காலிக் கருவி. ரோடு போட வரும் சர்வேயர் வைத்துப் பார்ப்பாரே, அது போன்றது. பெயர் தியோடலைட். எங்களுக்கு ‘மெஷின்’. ஒருவர் அதில் கண்ணை வைத்து விளக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இன்னொருவர் கையில் கடிகாரமும் படிவமும்.

எழுதுபவர் “டைம்” என்பார். பார்ப்பவர் இரண்டு எண்களைச் சொல்வார், எவ்வளவு உயரக் கோணம், எந்தத் திசை என்று. எழுதுபவர் அவற்றை அப்படியே திருப்பிச் சொல்வார். பார்ப்பவர் “ரைட்” என்பார், பஸ் கண்டக்டர் மாதிரி. ரைட் வந்த பிறகுதான் எண் படிவத்தில் ஏறும். ரைட் வராத எண்ணை எழுதக் கூடாது. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரி கேட்டாலும் கோடு கோடுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு எங்கள் தொழிலில் இருந்த ஒரே வழி அது.

அருள்ராஜ் இரும்புலியூர்க்காரர். பலூனுக்குக் கேஸ் நிரப்ப வந்தவர், எழுத்து முத்து முத்தாக இருந்ததால் படிவமும் அவர் கைக்கு வந்தது. கண் என்றால் அது கண். ஓடுபாதையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் பறவை பருந்தா வல்லூறா என்று இங்கிருந்தே சொல்வார். ஆனால் மெஷினில் கண் வைக்க அவருக்கு அனுமதி இல்லை. அது பயிற்சி பெற்ற எனக்கு மட்டும். “ஒரு தபா பாக்கறேன் சார்” என்று எப்போதாவது கேட்பார். “விதி இல்ல அருள்” என்பேன். விதியை எடுத்துச் சொல்வதில் எனக்கு அப்போது ஒரு சுகம் இருந்தது.

புகை போட்டவர்

வானிலை அறை வருவதற்கு முன்னால் இங்கே காற்று பார்த்தது யார்?

இதை எனக்குச் சொன்னவர் தளத்துத் தீயணைப்பு வண்டி ஓட்டுநர். அவருக்கு முன் வண்டி ஓட்டியவர் சொன்னதாம். உலகப் போர் நடந்த காலத்தில், ஏரிக்கும் பனைமரங்களுக்கும் நடுவே மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். கூடையில் கல் சுமந்ததெல்லாம் பெண்கள். அப்போது வந்து இறங்கிய சிறிய விமானங்களில் சிலவற்றுக்கு இறக்கை மரச்சட்டம், மேலே துணி. துணி விறைப்பாக நிற்க ஒரு பூச்சு பூசுவார்கள். நகப்பூச்சு வாடை அடிக்குமாம். அந்தப் பூச்சின் ருசிக்கு மாடுகள் மயங்கும். ஒரு நாள் சேலையூர்ப் பக்கத்து மாடு ஒன்று வேலி தாண்டி வந்து வால் பகுதியை நக்கி நக்கியே கிழித்துவிட்டது. விமானம் மூன்று நாள் கிளம்பவில்லை. எதிரியின் குண்டால் ஆகாதது மாட்டின் நாக்கால் ஆயிற்று என்று சொல்லிச் சிரிப்பார் ஓட்டுநர்.

அந்த விமானங்களில் ரேடியோ கிடையாது. இறங்கப் போகிறவன் மேலே ஒரு வட்டம் அடித்து, கீழே புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து இறங்குவான். அதற்காகவே ஓடுபாதைக் கோடியில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட ஒரு ஆளை வைத்திருந்தார்களாம். வெயிலோ மழையோ, அவர் வேலை புகை. சுற்றுப்புறத்தில் ஈ காக்கை இருக்காது. விமானச் சத்தம் கேட்டால் புகை, போனால் மறுபடி சும்மா உட்காருதல்.

அவர் பெயர் ஓட்டுநருக்குத் தெரியவில்லை. விமானம் ஓட்டியவர்களின் பெயர் எங்காவது பலகையில் இருக்கும். புகை போட்டவரின் பெயர் எதிலும் இல்லை. இப்போதெல்லாம் அந்த மனிதரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஏழாவது நிமிடம்

சுற்றி வளைத்தது போதும். அந்தக் காலைக்கு வருகிறேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. மேற்குக் காற்று, பலூன் கிழக்கே போயிற்று. ஆறு நிமிடம் வரை எல்லாம் ஒழுங்கு. “டைம்” வந்தது, நான் சொன்னேன், அவர் திருப்பிச் சொன்னார், ரைட். ஏழாவது நிமிடம் ஒரு மேகத் துணுக்கு குறுக்கே வந்தது. விளக்கு மறைந்தது. மெஷினை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். புள்ளி மறுபடி கிடைத்தது. பளிச்சென்று இருந்தது. எண்களைச் சொன்னேன்.

பின்னாலிருந்து எதிரொலி வரவில்லை.

“சார், அது வெள்ளி சார்” என்றார் அருள்ராஜ். “நம்ம வெளக்கு அந்தாண்ட வடக்கால திரும்பி போய்க்கினு கீது. தோ பாருங்க.”

தலையைத் தூக்கிப் பார்க்க ஒரு விநாடி போதும். நான் தூக்கவில்லை. மெஷினில் கண் வைத்திருக்கும் எனக்கு, வெறும் கண்ணால் பார்க்கிற கேஸ் நிரப்பும் ஆள் திருத்தம் சொல்வதா?

“மெஷின்ல பாக்கறது நானா நீயா? எழுதுய்யா” என்றேன்.

அவர் எழுதினார். நிமிடத்துக்கு ஒரு முறை “டைம்” என்று மட்டும் சொன்னார். நான் எண்களைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை. நானும் ரைட் சொல்லவில்லை. இருபது நிமிடம் அப்படிப் போயிற்று. விதிப்படி இருபது கட்டங்களிலும் கோடு விழுந்திருக்க வேண்டும். “ஏன் திருப்பிச் சொல்லல?” என்று ஒரு முறை கேட்டிருந்தால்கூடப் போதும். அவருடைய மௌனம் எனக்கு நன்றாகவே கேட்டது. வெளிச்சம் ஏற ஏற அந்தப் புள்ளி வெளுத்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் கரைந்தது. பலூன் அப்படிக் கரையாது. அது எனக்கும் தெரியும்.

இருந்தும் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் காற்றுக் கணக்கை நம்பி ஒரு பயிற்சி விமானி கிளம்பினான். கீழே முழுக்க மேகம். தரை தெரியாததால் கணக்கை வைத்தே திசை பிடித்துப் போனான். மேகம் விலகியபோது கீழே கடல். எப்படியோ கரையைக் கண்டுபிடித்துத் திரும்பினான். வர வேண்டிய நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நடுவே அரை மணி. அந்த அரை மணியும் தளத்தில் இருந்த அத்தனை பேரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் நின்றவன்

மதியம் அதிகாரி கூப்பிட்டார். படிவத்தை மேசை மேல் விரித்து வைத்திருந்தார். ஏழாவது நிமிடத்திலிருந்து கடைசி வரை ஒரே திசை, ஏறக்குறைய ஒரே வேகம். காற்று அவ்வளவு ஒழுக்கமாக வீசுவதை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம்.

நான் சொன்னேன். “நான் எண்களைச் சரியாகத்தான் சொன்னேன். எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் முந்தைய எண்ணையே திரும்பத் திரும்ப இறக்கிவிட்டார் போலிருக்கிறது. நானும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.”

ஆங்கிலத்தில் சொன்னேன். அருள்ராஜ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் நான்தான் வாய்.

“இதற்கு என்ன சொல்கிறான் என்று கேள்” என்றார் அதிகாரி.

“நடந்தத கேக்கறாரு” என்றேன் அருள்ராஜிடம்.

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. நான் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். “வெள்ளின்னு நான் அப்பவே சொன்னேன்னு சொல்லுங்க சார். நீங்க அவசரத்துல கேக்கலன்னு சொல்லுங்க. தப்பு யாருக்கும் வர்றதுதான்னு சொல்லுங்க” என்றார்.

நான் அதிகாரியிடம் திரும்பி, “ஸாரி சொல்கிறான்” என்றேன்.

அருள்ராஜுக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் ‘ஸாரி’ தெரியாத ஆள் மெட்ராஸில் உண்டா? என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

நிரந்தரமாக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மறுநாள் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு அடுத்த ஆண்டு பதவி உயர்வு வந்தது.

திருப்பிச் சொல்ல ஆளில்லை

ஓய்வு பெற்ற பிறகு, தளத்துக்குப் பக்கத்திலேயே, கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு ஃப்ளாட் வாங்கினோம். நானும் என் மனைவி சரோஜாவும். எங்களுக்குக் குழந்தை இல்லை. தொழில் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. “கேஸ் புக் பண்ணணும்” என்பேன். “கேஸ் புக் பண்ணணும்” என்பாள். “ரைட்” என்பேன். அவள் ஏதாவது சொன்னால் நான் திருப்பிச் சொல்வேன், அவள் “ரைட்” என்பாள். முதலில் கேலிக்குத்தான் செய்தாள். பிறகு அதுவே எங்கள் பேச்சாகிவிட்டது.

அருள்ராஜ் விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும். “மறைமலை நகர்லதான் இருக்காராமே. அரை மணி நேர ரயில். போய்ச் சொல்லிட்டு வந்துடுங்களேன்” என்று எத்தனையோ முறை சொன்னாள். அதை மட்டும் நான் திருப்பிச் சொல்லவில்லை.

ஒரு முறை அவரைப் பார்த்தேன். பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னலில் நின்றது. ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளி உடையில் நின்று, உள்ளே போகும் கார்களுக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். என் யூனிபார்ம் போன பிறகு அவருக்கு ஒரு யூனிபார்ம். நான் முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொண்டேன்.

சரோஜா போய் மூன்று வருடம் ஆகிறது. தளத்திலிருந்து இப்போதும் பயிற்சி விமானங்கள் கிளம்பும். பால்கனியில் நின்று பார்ப்பேன். கீழ் வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று குறைபடுவார். எனக்கு அந்தச் சத்தம் போன பிறகு வரும் அமைதிதான் தாங்காது. பழக்க தோஷத்தில் “மோட்டார் போடணும்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நிற்பேன். வீடு சும்மா இருக்கும். கேட்பாரற்றுக் கிடப்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தச் சிரிப்புக் கதையை எழுதியதே பேச ஆளில்லாத குறையில்தான். அப்போதும் பொய்யைத்தான் சொன்னேன்.

போன வாரம் பத்திரிகை அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் படம் வந்தது. கோடு போடாத தாளில் முத்து முத்தான எழுத்து. படிக்கும் முன்பே யார் என்று தெரிந்துவிட்டது.

‘ஐயா, நான் அருள்ராஜ். கதை படித்தேன். வெள்ளி என்று நான் சொன்னேன். அதை விட்டுவிட்டீர்கள்.’

கீழே முகவரி. வேறு எதுவும் இல்லை.

மறைமலை நகர்

தாம்பரத்தில் ரயில் ஏறினேன். வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பெருங்களத்தூரில் ஒன்று தயார். கூடுவாஞ்சேரி வருவதற்குள் அது மறந்துவிட்டது.

ஓர் அறையும் சமையலறையும் உள்ள மாடிப் போர்ஷன். அவரே கதவைத் திறந்தார். தலை முழுக்க வெள்ளை. கண் மட்டும் அப்படியே இருந்தது.

“படிக்கட்டு ஏறும்போதே பாத்தேன். உக்காருங்க சார்” என்றார்.

உட்கார்ந்தேன். “அருள், அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஸாரிலாம் அன்னிக்கே ஆயிப்போச்சு சார். நான் சொல்லாமயே சொல்லிட்டீங்க.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “எம் பையன் சாவற வரைக்கும் கேட்டுக்கினே இருந்தான். ‘ஏம்பா, ஏர்போர்ஸ்ல தூங்கிட்டியாமே’ன்னு. தெருவுல எவனோ சொல்லிக்கிறான். நான் தூங்கலடான்னு சொன்னேன். அவன் நம்பினானா இன்னான்னு எனக்கு தெரியாது. இப்ப நீங்க பேப்பர்லயும் போட்டுட்டீங்க.”

என்னால் நிமிர முடியவில்லை.

“நோட்டு எடுத்தாந்தீங்களா?”

எடுத்துப் போயிருந்தேன்.

“அன்னிக்கி நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். இன்னிக்கி நான் சொல்றேன். எழுதறதுக்கு முன்ன திருப்பி சொல்லுங்க.”

பேனாவைத் திறந்தேன்.

“வெள்ளின்னு அருள்ராஜ் சொன்னான்.”

“வெள்ளின்னு அருள்ராஜ் சொன்னார்” என்றேன்.

“சொன்னான். நான் இன்னா சொல்றேனோ அத்த மட்டும் சொல்லுங்க.”

“வெள்ளின்னு அருள்ராஜ் சொன்னான்.”

“ரைட்.”

அந்தச் சொல்லை இன்னொரு மனிதர் வாயிலிருந்து கேட்டு மூன்று வருடம் ஆகிறது. எழுதினேன்.

“சார் தல தூக்கி பாக்கல.”

“சார் தல தூக்கி பாக்கல.”

“ரைட்.”

“எழுதுன்னாரு. எழுதினான். தூங்கல.”

“எழுதுன்னாரு. எழுதினான். தூங்கல.”

“ரைட்.”

“ஸாரின்னு அவன் சொல்லல.”

இதைத் திருப்பிச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் சொன்னேன்.

“ரைட்” என்றார். “அவ்ளோதான் சார்.”

நான் நோட்டை மூடவில்லை. என் பங்குக்கு ஒரு வாக்கியம் இருந்தது. வழி நெடுக ஒத்திகை பார்த்தது அல்ல, அப்போது வாயில் வந்தது. அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

கீழே யாரோ தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று கத்தினார்கள். அருள்ராஜ் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வந்து கதவருகிலேயே நின்றார்.

“ட்ரெயினு கீது சார், இப்ப போனா புடிச்சிடலாம்” என்றார்.

வந்துவிட்டேன். அவர் சொன்ன நான்கும் மேலே உள்ளபடி அச்சாகியிருக்கின்றன. ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம் என்று ஆசிரியர் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். நான் சொன்ன ஐந்தாவதை எழுதவில்லை. அதற்கு ரைட் வரவில்லை. ரைட் வராததைப் படிவத்தில் ஏற்றக் கூடாது, கோடு போட வேண்டும்.

_______________